விட்டவை: ஒன்றுமில்லை

மாத்தளைச் சித்திர ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப்போகிறார்கள். அதற்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டு ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். கையில் கடிதம். அதில் என்னைக் கீழைத்தேய மரபையும் மேலைத்தேய மரபையும் ஒரே தாளில் இணைத்த நிலக்காட்சி ஓவியர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். இரண்டு தடவை வாசித்தேன். செத்துப்போனவர்களைப் பற்றித்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள்.

"பழகுற பிள்ளைகளுக்குப் பிரயோசனமா இருக்கும் சேர்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "இப்ப யாரு சேர் கையால வரையிறாங்க? போன்ல கேட்டா அதுவே மலை, ஆறு எல்லாம் போட்டுத் தருது. மூடுபனி வேணும்னா மூடுபனியும் வருது."

"அந்தப் பனிக்குக் கீழ என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியுமா டீச்சர்?"

அவர் இதை ஒரு தத்துவம் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தத்துவமெல்லாம் இல்லை. அந்த நேரம் என் அலுமாரிக்குப் பின்னால், பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு படம் இருந்தது. அதன் நினைப்பில் வாய் தானாக உளறியது. 'இரு மரபின் சங்கமம்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துத் தந்திருந்தார்கள். மாற்றிவிட்டேன். மலர்க்குழு மன்னிக்க வேண்டும். வாசித்து முடித்தபின் மன்னிக்க வேறு விஷயங்களும் இருக்கும்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது கை நடுங்கத் தொடங்கியதால் போன வருடம் தொழிலை விட்டேன். மூடுபனி வரைய நடுக்கம் பெரிய தடையில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் உதவிகூட. ஆனால் கீழே கையெழுத்துப் போடும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே வெள்ளமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில். பத்தொன்பது வயதில் சீகிரியா ரோட்டில் இருந்த திலகசேன சேரின் சித்திரக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நான்கு வருடமும் சீகிரியாக் குன்றின் சுவரில் இருக்கும் பெண்களைப் பிரதியெடுத்தேன், உல்லாசப் பயணிகளுக்கு விற்பதற்காக. நாளைக்கு மூன்று பெண்கள். ஒரு கட்டத்தில் சோற்றுக் கவளத்தையே தாமரை பிடிப்பது போலப் பிடிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண்களின் மூக்கு என் கையில் மெல்ல மெல்ல என் பெரியம்மாவின் மூக்காக மாறிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. சேர் கண்டுபிடித்துவிட்டார்.

"இது யாரு? சீகிரியாவுல கொழுந்து எடுத்த ஆளா?"

அன்றே என்னை நிலக்காட்சிக்கு மாற்றினார். மலைக்கு மூக்கில்லை.

திலகசேன சேரின் அப்பாவும் தாத்தாவும் விகாரைச் சுவர்களில் சித்திரம் எழுதியவர்கள். சேர் மட்டும் கொழும்புக்குப் போய், இங்கிலாந்து முறையில் நீர்வண்ணம் படித்துவிட்டு வந்தார். தமிழை அவர் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி லொறிக்காரர்களிடம் கற்றவர். அதனால் கலையைப் பற்றிப் பேசினாலும் மூட்டை ஏற்றச் சொல்வது போலத்தான் இருக்கும்.

அவரோடு வெளியே வரையப் போனால் முறை மாறாது. இடத்துக்குப் போனதும் மடக்கு நாற்காலியை விரிப்பார். வெற்றிலை போடுவார். என் வண்ணப்பெட்டியை வாங்கி மூடி, அதன்மேல் தன் செருப்பைக் கழற்றி வைப்பார். ஒரு மணித்தியாலம் அந்தச் செருப்பு அங்கேயே இருக்கும். அதுவரை பார்ப்பது மட்டும்தான் வேலை. "பாரு. சும்மா பாரு. அவசரம்னா லொறியில ஏறு." ஒரு மணித்தியாலம் முடிந்ததும் செருப்பைக் காலில் மாட்டிக்கொள்வார். தொடங்கலாம் என்று அர்த்தம்.

தாளைக் கடற்பஞ்சால் இரண்டு தரம் நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்ட வேண்டும். காய்ந்து தவிலைப் போல முறுகியதும் பென்சில். தொடுவானம் எங்கே, பாதைகள் எங்கே போய்ச் சேருகின்றன, எந்த மரம் எந்த மரத்தைவிட எத்தனை பங்கு சின்னது என்பதெல்லாம் மேற்கின் கணக்கு. அதன்மேல் காவிச் சிவப்பில், நுனி மெலிந்த தூரிகையால், விகாரைச் சுவரில் ஓடுகிற மாதிரி ஒரே மூச்சில் கோடு. அது அவருடைய தாத்தாவின் சொத்து. மூன்றாவது வெறுமை. தாளில் எந்த இடத்தைத் தொடாமல் விடப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

"வெறுமைன்னா விடுறது" என்பார். "பூசுறது இல்ல. பூசினா அது சுண்ணாம்பு."

விகாரை ஓவியர்கள் வெள்ளைக்குப் பாவிக்கும் மக்குல் மண் ஒரு சிரட்டையில் எப்போதும் இருக்கும். விளாம்பிசினில் குழைத்தால் சுவரையே மூடும். கொக்குக்கும் நீர்நுரைக்கும் தவிர அதைத் தொட எனக்கு அனுமதியில்லை.

கடைசியாக ஒரு வேலை உண்டு. படம் முடிந்ததும் பின்பக்கம் திருப்பிப் பென்சிலால் நாலு வரி எழுத வேண்டும். இடம். நேரம். திசை. விட்டவை. கண்ணுக்குத் தெரிந்தும் வரையாமல் விட்டது எல்லாம் அந்த நாலாவது வரியில் வர வேண்டும்.

ஒரு தடவை சீகிரியாக் குளத்தை வரைந்தபோது நான் இரண்டு மின்கம்பங்களை விட்டுவிட்டேன். வாங்கப்போகிறவருக்குப் பழங்காலம்தான் வேண்டுமாம். சேர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். நாலாவது வரியில் ஒரு கம்பம்தான் இருந்தது.

"இன்னொண்ணு?"

"அது தூரத்துல சேர். யாரு அத வாசிக்கப் போறா? சுவத்துப் பக்கம்தானே இருக்கும்."

"அப்ப சுவரு வாசிக்கட்டும்" என்று பென்சிலை நீட்டினார். "முன்னால பொய் சொல்லலாம். அதுக்குத்தான் காசு தர்றாங்க. பின்னால சொல்லாத."

இதை நான் அவருடைய மூட நம்பிக்கைகளில் ஒன்றாக வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை நீலம் கரைக்கக் கூடாது என்றும் அவர் சொல்வதுண்டு.

சேர் காலமானபின் மாத்தளை டவுனில் நானே ஒரு சித்திரக்கூடம் வைத்தேன். அங்கேதான் என் 'பாணி' பிறந்தது. ஒரு பள்ளத்தாக்குப் படத்தில் ஒரு மாட்டைக் கோணலாக வரைந்துவிட்டேன். முன்கால்கள் ஒரு ஊருக்கும் பின்கால்கள் வேறு ஊருக்கும் போகிற மாதிரி. அழிக்க முடியவில்லை. கொஞ்சம் மக்குல் மண்ணைத் தண்ணீராகக் கரைத்து மாட்டின்மேல் இழுத்தேன். பள்ளத்தாக்கில் பனி இறங்கியது. பார்த்தவர்கள் அந்த இடத்தில்தான் நின்றார்கள். ஒரு பத்திரிகை எனக்கு மேற்கின் கண்ணும் கிழக்கின் மௌனமும் இருப்பதாக எழுதியது. மௌனம் கோணல் மாட்டிலிருந்து வந்தது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப்பின் எனக்கு வரைய வராத எல்லாவற்றின்மேலும் பனி பெய்தது. மெல்ல மெல்ல, மற்றவர்களுக்குப் பார்க்கப் பிடிக்காதவற்றின்மேலும்.

சேரின் செருப்பு இல்லாததால் பெட்டியையும் சீக்கிரமே திறக்கப் பழகிவிட்டேன்.

இப்போது, அலுமாரிக்குப் பின்னால் இருந்த படத்துக்கு வருகிறேன்.

வெள்ளமலைத் தோட்டத்துப் பெரிய பங்களா ஹோட்டலானது. வரவேற்பறைச் சுவருக்கு ஒரு பெரிய நிலக்காட்சி வேண்டும் என்று மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். பிறந்த மண்ணுக்குக் கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். சின்ன வயதில் அந்தப் பங்களாவின் பின்வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. முன்வாசலில் எனக்கு ஈரத் துவாலை நீட்டினார்கள். முகம் துடைக்கவா, கை துடைக்கவா என்று தெரியாமல் கழுத்தைத் துடைத்தேன்.

வராந்தாவில் நின்றால் எதிரே சரிவு. சரிவின் வலப்பக்கம் நாங்கள் இருந்த லயம். அங்கிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை வளைந்து இறங்கி, நடுச்சரிவில் உள்ள புதைகாட்டுக்குப் போகும். எங்கள் ஆட்கள் கல் நாட்டுவதில்லை. மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு செடி வைப்பார்கள், பெரும்பாலும் குரோட்டன். செடியைப் பார்த்தே யார் எங்கே என்று சொல்லிவிடலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது யாரோ பாதியில் விட்டுப்போன பூந்தோட்டம் மாதிரி இருக்கும்.

மெனேஜர் கையால் அந்தப் பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். "இந்த லயம், பாதை, அதெல்லாம் வேண்டாம் மாஸ்டர். உங்க பனி இருக்குதானே?"

என் பனி இருந்தது. பழக்கதோஷத்தில் பென்சிலால் எல்லாவற்றையும் சரியாக வரைந்தேன், லயத்துக் கூரை, பாதையின் ஏழு வளைவு, மண்மேடுகள். பிறகு மக்குல் மண்ணைக் கரைத்து அத்தனையையும் மூடினேன். மூடியபின் படம் சோறு வடித்த பானை மாதிரி மொட்டையாக இருந்தது. பச்சை, சாம்பல், வெள்ளை. கண் நிற்க ஒரு இடமில்லை. ஆகவே பனிக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். வைத்த இடம் எனக்குத் தெரியும். அங்கே உண்மையில் ஒரு சிவப்புக் குரோட்டன் இருந்தது. என் பெரியம்மா மகள் ராக்கம்மா அக்கா, காய்ச்சலில் போன தன் ஒன்பது வயது மகள் சுதாவுக்கு வைத்த செடி. புதைத்த அன்று மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

பின்பக்கம் திருப்பி நாலு வரி எழுதினேன். அதன்மேல் பழுப்புத் தாள் ஒட்டி, மெனேஜர் தந்த லேபலையும் ஒட்டினேன். இடத்தில் இருந்து நேரில் பார்த்து வரைந்தது என்று அதில் அச்சடித்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஹோட்டல்காரர்கள் சரிவு முழுவதும் புல் பதித்தார்கள். பாதையும் புல்லானது. மண்மேடுகளும் மட்டமாயின. லயத்து ஆட்கள் பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுத்தார்கள். காணி உத்தியோகத்தர் நவாஸ் சேர் விசாரணைக்கு வந்தார். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர், பொறுமைசாலி, சத்தம் போடாதவர். ஹோட்டல் வரவேற்பறையிலேயே விசாரணை. ராக்கம்மா அக்காவும் இன்னும் ஐந்தாறு பேரும் கதவோரம் நின்றார்கள். உட்காரச் சொன்னால்கூட அந்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், கொழும்பில் எனக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்த பெண்மணி. மெனேஜர் அவரையும் விருந்தாளியாக அழைத்திருந்தார். தற்செயல் என்று அன்றைக்கு நம்பினேன்.

என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "டேய் தம்பி, நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு" என்றாள். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம சின்னம்மா மகன். அவனுக்கு எல்லாம் தெரியும்" என்றும் சொன்னாள்.

தோட்டத்தின் பழைய வரைபடத்தில் பாதையும் இல்லை, புதைகாடும் இல்லை. நவாஸ் சேர் கோப்பை மூடிவிட்டுக் கேட்டார். "வேற ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?"

மெனேஜர் சுவரைக் காட்டினார். "இந்தப் படம், தகராறு வாறதுக்கு ரெண்டு வருசம் முந்தி வரைஞ்சது. இதுல பாதை எங்க? மாஸ்டரையே கேளுங்க. இங்கயே பொறந்தவர்."

நவாஸ் சேர் என் பக்கம் திரும்பினார். "நேர்ல பார்த்து வரைஞ்சதா?"

"ஆமாங்க சேர்."

"உள்ளது உள்ளபடியா?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இதை வாசிக்கும் எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. பனி என் கைவேலை சேர், படத்தைக் கழற்றிப் பின்னால் தாளைக் கிழியுங்கள், எல்லாம் எழுதியிருக்கிறது. இவ்வளவுதான். யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. யாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கவில்லை. அந்தப் பெண்மணி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் மேற்கின் கண், இதுதான் கிழக்கின் மௌனம் என்று நம்பிக் கொழும்பிலிருந்து வந்தவர். அவர் முன்னால், இது மாட்டை மறைக்கக் கண்டுபிடித்த சுண்ணாம்பு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய இடம் எது என்பதில்கூட எனக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது.

"உள்ளபடிதான் சேர். என் முறையே அதுதான்."

நவாஸ் சேர் எழுந்துபோய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்ட நின்று பார்த்தார். நல்ல உத்தியோகத்தர்.

"பனிக்கு நடுவுல ஒரு சிவப்பு இருக்கே. இது என்ன?"

"சேர், அது குரோட்டன்!" அக்கா இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். "என் புள்ள சுதாவோட செடி சேர். நான் வச்சது. தம்பி, சொல்லேன்டா."

நவாஸ் சேர் என்னைப் பார்த்தார்.

"அது ஒரு அழகுக்கு சேர்" என்றேன். "இவ்வளவு பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு வச்சாத்தான் கண்ணு நிக்கும். மேல்நாட்டு முறையில அப்படி ஒரு விதி இருக்கு."

பெண்மணி தலையசைத்தார். விதி இருப்பது உண்மை.

"அழகுக்கா?" என்றாள் அக்கா. சண்டை போடவில்லை. புதுச் சொல் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பவள் மாதிரி இருந்தது. பிறகு, "சரிங்க" என்றாள்.

அந்த 'ங்க' எனக்குத்தான். அதுவரை என்னை 'டேய்' தவிர வேறு விதமாகக் கூப்பிட்டவளில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு மரியாதை குறையவில்லை.

பாதைக்கு ஆதாரமில்லை என்று விசாரணை முடிந்தது. கண்காட்சி நன்றாக நடந்தது.

அதன்பின் ஒன்பது வருடம் நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்டால், நன்றாகவே தூங்கினேன். ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். நான் பொய்தான் சொன்னேன், ஆனால் முன்னால்தான். பின்னால் உண்மையை எழுதியிருக்கிறேன். சேர் சொன்னபடி நாலாவது வரியில் லயம், பாதை, புதைகாடு, சுதா, எல்லாம் இருக்கிறது. பழுப்புத் தாளுக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி. ஒரு நாள் யாராவது கிழித்துப் பார்ப்பார்கள். இப்படி நினைத்துக்கொள்ளும்போது நான் கிட்டத்தட்ட ஒரு தியாகி மாதிரி இருப்பேன்.

அக்காவின் புருஷன் முத்தையா மச்சான் காலமானபோது மட்டும் அந்த வழி வேலை செய்யவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு இடம் விட்டிருந்தவர். அந்த இடத்தில் இப்போது வெள்ளைக் குடை நட்டு மேசை போட்டிருந்தார்கள். அவரை டவுன் மயானத்துக்குக் கொண்டுபோனோம். அக்கா எனக்கு ஒரு சோடாவைத் திறந்து நீட்டி, "குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

போன மாதம் ஒரு த்ரீவீலர் வந்து வாசலில் நின்றது. ஹோட்டலில் இருந்து அந்தப் படம். மெனேஜர் மாறிவிட்டார். புதியவருக்கு என்னைத் தெரியாது, லேபலில் இருந்த பெயரைத்தான் தெரியும். கூடவே ஒரு சீட்டு: மூடுபனி உதிர்கிறது, பழையபடி ஆக்கித் தரவும்.

சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். மழைக்கால ஈரத்தில் மக்குல் மண் செதில் செதிலாகப் போயிருந்தது. சேர் சொன்னது சரி. பூசியது நிற்கவில்லை. பனி போன இடத்தில் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. லயத்துக் கூரை. ஏழு வளைவும். மண்மேடுகள் பதினாலு, அவற்றுக்கு நடுவே உதிராமல் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு. முன்பக்கம் முழு உண்மையும் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நான் கைகொடுக்கவில்லை.

எனக்கு ஒரு அவசரம் வந்தது. என் பங்கு உண்மை பின்னால் இருக்கிறதே. ஈரப் பஞ்சால் பழுப்புத் தாளை ஒற்றி, ஓரம் ஓரமாக உரித்தேன்.

இடம்: வெள்ளமலை. நேரம்: காலை ஏழரை. திசை: கிழக்கு. விட்டவை: ஒன்றுமில்லை.

என் கையெழுத்துதான். நடுக்கம் வருவதற்கு முந்திய கை. நான் எழுதியதிலேயே மிக அழகான எழுத்து என்று சொல்லலாம். எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை. மற்றதை எழுதிய ஞாபகம்தான் இருந்தது. ஒன்பது வருடம் அதை நாள்தோறும் மனதுக்குள் எழுதி எழுதித் தெளிவாக்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு உடனே திருந்தினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. மக்குல் மண்ணை ஊறவைத்தேன். விளாம்பிசினைக் கரைத்தேன். லயத்துக் கூரை மேல் ஒரு இழுப்பு இழுக்கவும் செய்தேன். பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது. இரண்டாவது இழுப்பில் கை நடுங்கி, வெள்ளை ஒரு சொட்டுப் போய்ச் சிவப்புப் பொட்டின்மேல் விழுந்தது. பதறிப்போய்ச் சட்டைக் கையால் துடைத்தேன். நிறுத்தினேன். மனச்சாட்சி நிறுத்தியதா, வைத்தியர் சொல்லும் நரம்பு நிறுத்தியதா என்று எனக்குத் தெரியாது. படத்தைப் பெட்ஷீட்டில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். டீச்சர் வந்து தத்துவம் எழுதிக்கொண்டு போனது மறுநாள்.

அவர் போனதும் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். படத்தைக் கட்டிலில் சாய்த்து வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கூரைமேல் இழுத்த இழுப்பையும் மறைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் குந்தி, லயத்திலிருந்து விரலால் பாதையில் இறங்கினாள். ஒவ்வொரு வளைவாக. நாலாவது வளைவில் விரல் நின்றது.

"இங்க ஒரு கல்லு இருக்கும். ஆளுங்க பொணத்த எறக்கி வச்சி மூச்சு வாங்குற கல்லு. அத நீங்க போடல."

"பனி பூசுறப்ப..."

"பூசுறதுக்கு முந்தியே போடல. பென்சிலே இல்லியே."

பார்த்தேன். இல்லை. உள்ளது உள்ளபடி வரைகிறவன் அந்தக் கல்லைப் பார்க்கவே இல்லை. அந்தச் சுமையில் என் தோள் சேர்ந்தது ஒரே தடவைதான்.

விரல் சிவப்புப் பொட்டுக்குப் போனது. சுற்றிலும் வெள்ளை கொஞ்சம் தீற்றியிருந்தது. அவள் எச்சில் தொட்டுத் துடைத்தாள். சித்திரக்கூடத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால் கத்தியிருப்பேன்.

"இதக் காட்டினா பாதை தொறப்பாங்களா?"

"தெரியாது அக்கா. ஆபீசுல குடுத்து, நான் அன்னைக்குச் சொன்னது பொய்னு எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். மறுபடி விசாரிக்கச் சொல்லலாம்."

"ஹோட்டல்காரங்க படத்த நீங்க திருடிட்டீங்கன்னுவாங்க."

"சொல்லட்டும். அது உண்மைதானே."

அவள் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பி வைத்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். நாலாவது வரியை வாய்விட்டு வாசித்தாள். பிறகு, "பென்சில் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள்.

'ஒன்றுமில்லை' என்பதை ஒரு கோட்டால் வெட்டினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மேலிருந்து கீழாக, செடியும் பெயருமாக. மஞ்சள் குரோட்டன், மாரிமுத்து கங்காணி. வெள்ளைச் செம்பரத்தை, அவருடைய மருமகள். பெயர் வைக்குமுன் போன குழந்தைகள் இரண்டு, ஒரே செடி. என் பெரியம்மாவும் அதில் இருந்தார், சீகிரியாச் சுவர்க்காரி மூக்கோடு. பதினாலும் எழுதி முடிய, "மூச்சு வாங்குற கல்லையும் எழுதுங்க" என்றாள். கை நடுங்கி எழுத்து புழு நெளிவது மாதிரி இருந்தது. பரவாயில்லையா என்று கேட்டேன்.

"போன தடவ அழகா எழுதினீங்களே" என்றாள்.

மறுநாள் காலை ஆறரை பஸ்ஸில் இருவரும் மாத்தளைக்கு இறங்கினோம். படத்தை நான் பிடிக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. "நீங்க வழியில எறங்கிடுவீங்க" என்று சொல்லி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். டவுனில் இறங்கும்போது சொன்னாள், "உள்ள போயி விதி அது இதுன்னு ஒண்ணும் சொல்லாதீங்க. கேட்டதுக்கு மட்டும் ஆமா இல்லைன்னு சொல்லுங்க."

நவாஸ் சேர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் கதிரையில் ஒரு இளம்பெண் இருந்தார். அக்கா பெட்ஷீட்டை அவிழ்த்துப் படத்தை மேசையில் நிறுத்தினாள். அந்தப் பெண் முன்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே. யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் தலையை ஆட்டினாள். பிறகு படத்தைத் திருப்பினாள்.